கரண்ட் போனால் நெட் நன்றாக வரும் வீடு

வேலூர் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு ஃபேஸ் 2ல் பெரியப்பா வீடு. கீழ்த்தளம், முதல் மாடி, அதற்கும் மேலே மொட்டை மாடியில் போன வருடம் எடுத்துக் கட்டிய ஓர் அறை. அந்த மேல் அறையில் உட்கார்ந்துதான் தங்கை சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். ஃபைபர் கீழே ஹாலுக்கு வருகிறது. ரவுட்டர் டிவி அலமாரியில். இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மேலே ஏறாது என்று, அறை கட்டும்போதே எலக்ட்ரீஷியனை வைத்துச் சுவருக்குள் பைப் போட்டு கேட் 6 ரக லேன் கேபிள் (நெட்டைக் கம்பி வழியாகக் கொண்டுபோகும் கேபிள்) இழுத்துவிட்டார்கள். மாதக் கட்டணம் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு.

கார்த்திகை, மார்கழி எல்லாம் ஒரு குறையும் இல்லை. பங்குனி கடைசியில் தகராறு ஆரம்பித்தது. காலையில் நெட் நன்றாக வருகிறது, 11.30க்கு மேல் படுத்துவிடுகிறது, சாயங்காலம் 5.30 வாக்கில் தானாக எழுந்துகொள்கிறது. பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் படுத்த நேரம், எழுந்த நேரம் என்று தேதிவாரியாகக் குறித்து, கிளிப் போட்டு வைத்திருந்தார். மொத்தம் 23 தாள். நான் இதுவரை பார்த்த நெட்வொர்க் புகார்களிலேயே ஒழுங்கான ஆவணம் அதுதான்.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்திலிருந்து மூன்று முறை ஆள் வந்தார். பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் மேல் தப்பில்லை என்று பின்னால் தெரியப்போகிறது. மூன்று முறையும் அவர் வந்தது காலை 9 மணிக்கு. மூன்று முறையும் எல்லாம் சரியாக இருந்தது. ஒருமுறை மட்டும் மதியம் போனிலேயே பிங் (ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போடச் சொல்லிக் கேட்டார்; பதில்கள் வரிசையாக வந்தன. "பிங் போகுது மேடம், லைன் ஓகே" என்று முடித்துக்கொண்டார்.

பெரியப்பாவுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும். "வெயிலுக்குத்தான்பா. மனுசனாலேயே தாங்க முடியல, ஒயர் இன்னா பண்ணும்?"

நானும் நம்பினேன். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று ஊரைக் கேலி பேசுவார்கள். கத்திரி மாதம் வேலூர் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நாலு அடி வைத்தவர்கள் வெயிலைச் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. அந்த நம்பிக்கையில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தப்பான வழியில் போய்த்தான் சரியான வழி கிடைத்தது.

முதலில் செய்தது எல்லோரும் செய்ய வேண்டியது. மதியம் 2 மணிக்கு, மேலே நெட் படுத்துக் கிடக்கும்போது, தங்கையின் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து ஒரு மீட்டர் பேட்ச் கேபிளில் நேராக ரவுட்டரில் செருகினேன். 200ஐத் தொட்டது. அதே லேப்டாப், அதே யூஎஸ்பி லேன் டாங்கிள் (லேப்டாப்பில் லேன் கேபிளைச் செருக உதவும் சின்னச் சாதனம்), அதே பேட்ச் கேபிள். மேலே எடுத்துப்போய்ச் செருகினால் 6, 7. ஆக, வெளியிலிருந்து வரும் லைன், ரவுட்டர், லேப்டாப் மூன்றும் விடுதலை. மிச்சம் இருப்பது சுவருக்குள் ஓடும் கேபிள் மட்டும்.

மேலே இன்னொன்றும் கண்ணில் பட்டது. லேப்டாப்பில் கேபிள் இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது. கீழே அதே சாதனங்கள் 1000 காட்டின. காலையில் மேலே ஸ்பீட் டெஸ்ட் 94 வந்ததாகத் தங்கை சொன்னது அப்போதுதான் உறைத்தது. 100 லிங்கில் தரவுப் பொட்டலங்களின் முகவரித் தலைப்புச் செலவெல்லாம் கழித்து மிஞ்சுவது சுமார் 94தான். 200க்குப் பணம் கட்டி 94 வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது நன்றாக இருந்த நாட்களிலேயே. யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. நானும் அந்த நேரத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது.

அப்புறம் பிங். மேல் அறையிலிருந்து இணையத்துக்கு அல்ல, கீழே இருக்கும் ரவுட்டருக்கே போட்டேன். விண்டோஸில் சும்மா பிங் போட்டால் அது அனுப்புவது 32 பைட். நூறு அனுப்பினேன், நூறும் திரும்பின. அளவை 1472 ஆக்கி 500 அனுப்பினேன். (தலைப்புக்கு 28 சேர்ந்து 1500, அதாவது ஈத்தர்நெட் ஒரு தடவையில் சுமக்கும் முழு மூட்டை.) 31 திரும்பவில்லை. கேபிளில் எங்கோ பிட்டுகள் கெடுகின்றன என்றால் சின்னப் பொட்டலம் பெரும்பாலும் தப்பித்துவிடும். பெரியது அதைப்போல் இருபது மடங்கு நீளம், மாட்டிக்கொள்ளும். ஒரு பிட் கெட்டாலும் மொத்தப் பொட்டலமும் குப்பைக்குப் போகும். நூற்றுக்கு ஆறு காணாமல் போனால், பொட்டலங்களை அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் டிசிபி என்ற விதிமுறை பயந்துபோய் வேகத்தைத் தரைக்கு இறக்கிவிடும். போனில் கேட்டவர் 32 பைட் பிங்கைப் பார்த்து ஓகே சொன்னதில் பொய் இல்லை, அவர் கேட்ட கேள்விதான் ரொம்பச் சின்னது.

இனி வெயில். பைப் சுவருக்குள்ளிருந்து வெளியேறி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் மூன்று மீட்டர் வெட்டவெளியில் ஓடுகிறது. மதியம் அந்தப் பைப்பைத் தொட முடியவில்லை. கோணிப்பையை நனைத்துப் போர்த்தி, பெரியம்மா மேலும் மேலும் தண்ணீர் ஊற்ற, நான் பிங் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கேபிளின் உறைமேல் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சாகியிருக்கும். கீழ் முனையில் 187, மேல் முனையில் 213. நீளம் 26 மீட்டர். சாதாரண லேன் கேபிளில் சூடு ஏற ஏற சிக்னல் இழப்பு கூடும் என்பது உண்மைதான்: 20 முதல் 40 டிகிரி வரை டிகிரிக்கு 0.4 சதவீதம், அதற்கு மேல் 0.6 சதவீதம் என்று தரநிலையே கணக்கு வைத்திருக்கிறது. கேபிள் முழுவதும் 60 டிகிரியில் வெந்தாலும் இழப்பு 20 சதவீதம்தான் கூடும். 26 மீட்டர் கேபிள் 31 மீட்டர் கேபிள் போல நடந்துகொள்ளும், அவ்வளவே. அனுமதித்த நீளமோ 100 மீட்டர். கணக்கைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டுச் சரிபார்த்து, "சரிதான்" என்றார், வருத்தமாக.

அடுத்த சந்தேகம் கேபிளின் சரக்கு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசி கேட் 6 என்று அச்சடித்த கேபிள்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. செம்பைவிட மின்தடை அதிகம், வளைத்தால் ஒடியும். மேல் முனையில் உபரியாகச் சுருட்டி வைத்திருந்ததில் ஒரு துண்டு வெட்டி, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். அலுமினியமாக இருந்தால் வெள்ளி நிறம் தெரியும். சுரண்டச் சுரண்டச் செம்புதான். எலக்ட்ரீஷியன் அண்ணன் நல்ல சரக்குதான் வாங்கியிருக்கிறார்.

அந்த ஞாயிறு இத்தோடு முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் 2.10க்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கரண்ட் போயிடுச்சு. ஆனா நெட் சூப்பரா வருது. எப்படின்னே தெரியல." ரவுட்டரும் அவள் மேசையும் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுகின்றன. வெயில் அப்படியே இருக்கிறது, பைப் அப்படியே கொதிக்கிறது, கேபிள் அதே கேபிள். ஆனால் நெட் 94. முக்கால் மணி கழித்து கரண்ட் வந்தது. ஐந்து நிமிடத்தில் நெட் படுத்தது.

இன்வெர்ட்டரில் எது ஓடாது? ஏசி.

அன்று இரவு 9 மணிக்குப் போனேன். வெயிலும் இல்லை, வேலையும் இல்லை. பெரிய பிங் ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றுகூட விழவில்லை. தங்கை ரிமோட்டை அழுத்தினாள். உள்ளே இருக்கும் மின்விசிறி சுற்றும்வரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் வெளியே கம்ப்ரசர் உறுமியது. திரையில் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' விழ ஆரம்பித்தது. அணைத்தாள், நின்றது. போட்டாள், வந்தது. ஆறு தடவை செய்தோம். ஏழாவது தடவை பெரியப்பா தானே வந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

ஆக, பெரியப்பா சொன்னதும் முழுப் பொய் இல்லை. வெயில் ஏறினால் ஏசி ஓடுகிறது. ஏசி ஓடினால் நெட் படுக்கிறது. 11.30 என்பது தங்கையால் வெக்கை தாங்க முடியாத நேரம், 5.30 அவள் ஏசியை அணைக்கும் நேரம். காலண்டர் தாள்கள் 23லும் இருந்தது ஏசியின் வருகைப் பதிவேடு.

மறுநாள் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கீழே டிபி பெட்டியை (வீட்டுக்குள் கரண்ட் பிரியும் பெட்டி) திறந்தோம். அங்கிருந்து ஏசிக்குப் போகும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஏறும் பைப்பிலேயே லேன் கேபிளும் கூடவே ஏறியிருந்தது. சுவரை இரண்டு தடவை உடைப்பானேன் என்று ஒரே பைப்பில் விட்டுவிட்டார்கள். இது இன்வெர்ட்டர் ஏசி. (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் வேறு, ஏசிக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் வேறு; இதைப் பெரியம்மாவுக்கு விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.) கம்ப்ரசர் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, உள்ளே இருக்கும் மின்னணுச் சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுகிறது. அந்த இரைச்சலில் ஒரு பங்கு அது வந்த ஒயரிலேயே திரும்பி ஓடும். பக்கத்திலேயே பதினைந்து மீட்டர் ஒட்டிக்கொண்டு வரும் லேன் கேபிள் அதைக் குடிக்கிறது.

இத்தோடு விஷயம் முடிந்தது, பைப்பைப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். போட்டிருந்தால் புகாரும் தீர்ந்திருக்கும். ஆனால் ஓரமாக வைத்த அந்த 100 உறுத்தியது. கரண்ட் ஒயரோடு ஒரே பைப்பில் லேன் கேபிள் போன வீடுகள் எத்தனையோ உண்டு. அது கூடாதுதான், உறை என்றைக்காவது பழுதானால் 230 வோல்ட் லேன் கேபிளுக்குள் ஏறிவிடலாம். ஆனால் நெட்டைப் பொறுத்தவரை அந்த வீடுகளில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நல்ல கேபிளுக்கு இந்த இரைச்சலைத் தாங்கத் தெரியும். இது ஏன் தாங்கவில்லை? ஏசி ஓடாதபோதும் ஏன் 1000க்கு ஏறவில்லை?

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். விருதம்பட்டிலிருந்து வண்டியில் வந்தார். கோபமாக இருந்தார், அதிலும் நியாயம் இருந்தது. "தம்பி, நான் டெஸ்டர் போட்டுக் காமிச்சுட்டுத்தான் காசு வாங்கினேன். பெரியவரு பக்கத்துலயே பாத்துகினு இருந்தாரு. எட்டு லைட்டும் எரிஞ்சுது. இதுக்கு மேல இன்னா வோணும்?" மறுபடியும் போட்டுக் காட்டினார். 1, 2, 3 என்று 8 வரை இரண்டு பக்கமும் வரிசையாகப் பச்சை எரிந்தது.

அப்போதுதான் கேபிள் முனையில் இருக்கும் பிளக்கை ஒழுங்காகப் பார்த்தேன். அதற்கு முன் நாலு தடவை பார்த்திருக்கிறேன். சுத்தமாக, அழகாக அடித்திருக்கிறார் என்று மட்டும் பார்த்திருந்தேன். கிளிப் அடியில் இருக்கும்படி, தங்க நிறத் தகடுகள் மேலே தெரியும்படி, கேபிள் நம் பக்கம் வரும்படி பிடித்தால் இடது ஓரம் 1. வெளிச்சத்தில் பிடித்து நிறங்களை வாய்விட்டுப் படித்தேன்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளை பிரவுன், பிரவுன். ஜோடி ஜோடியாக, கல்யாண வரிசை மாதிரி. இரண்டு முனையிலும் அதே.

இருக்க வேண்டியது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். டி568பி என்று சொல்லும் வரிசை. பச்சை ஜோடி நடுவில் பிரிந்து, நீல ஜோடியைத் தூக்கி உள்ளே உட்கார வைத்திருக்கும். பார்க்கத் தாறுமாறாகத்தான் தோன்றும். இது டெலிபோன் காலத்து மிச்சம்: அந்தச் சின்ன பிளக்கில் முதல் லைன் நடுவில் இருக்கும் இரண்டு முனையில், இரண்டாவது லைன் அதற்கு இரு பக்கமும். எட்டு முனை வந்தபோதும் நடுவில் அந்த அமைப்பு அப்படியே நின்றுவிட்டது. ஈத்தர்நெட் 3ஐயும் 6ஐயும் ஒரு ஜோடியாகப் பாவிக்கிறது. அண்ணன் போட்டதில் 3ல் வெள்ளைப் பச்சை, 6ல் நீலம். இரண்டும் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்தவை.

வெட்டி வைத்திருந்த துண்டின் உறையை ஒரு சாண் உரித்து அவர் கையில் கொடுத்தேன். நாலு ஜோடியும் நாலு விதமாக முறுக்கியிருக்கும், ஒன்று நெருக்கமாக, ஒன்று தளர்வாக. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே சிக்னல் நேரெதிராக ஓடுகிறது. வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கிறது. வெளியிலிருந்து ஓர் இரைச்சல் வந்தால், முறுக்கிக் கிடப்பதால் இரண்டு கம்பிக்கும் அது சரிசமமாக ஏறும். வித்தியாசம் எடுக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும். ஒரு கம்பி பச்சை முறுக்கிலும் இன்னொன்று நீல முறுக்கிலும் போனால் இந்தச் சமம் கெடுகிறது. ஏசி ஒயரின் இரைச்சல் ஒன்றில் கூட, இன்னொன்றில் குறைய ஏறும். அந்த வித்தியாசம் சிக்னல் போலவே உள்ளே போய்விடும். டெஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. இந்த முனையில் விட்ட கரண்ட் அந்த முனைக்கு வந்ததா என்று மட்டும் பார்க்கும். வந்தது. எட்டும் எரிந்தது.

"அப்போ கலருக்குக் கலர் சேத்து வெச்சது தப்பா?"

"ஆமாண்ணே. சேர்த்து வைத்ததுதான்."

கொஞ்ச நேரம் அந்த முறுக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒயரிங்ல கலருக்குக் கலர்தானே சேக்கணும், யார்தான் இப்டி கலைச்சு வெப்பான்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. புத்தியுள்ளவன் செய்யும் தப்பு இது. சோம்பேறி செய்ய மாட்டான்.

100க்கும் விடை கிடைத்துவிட்டது. 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், 1-2, 3-6. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000க்கு, நாலு ஜோடியும் வேண்டும், ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இங்கே 3-6, 4-5 இரண்டுமே கலைந்தவை, ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கேட்கும். இரண்டு முனையும் 1000க்கு முயன்று பார்த்து, முடியாமல் 100க்கு இறங்கிக்கொண்டன.

தங்கை சொன்ன இன்னொரு விஷயத்தையும் இது அவிழ்த்தது. யாருமே, நான் உட்பட, அதைச் சட்டை செய்யவில்லை. "சில நாள் நான் பேசுறது அவங்களுக்கு விட்டு விட்டுக் கேக்குது. சில நாள் அவங்க பேசுறது எனக்கு." மீட்டிங்கில் நடக்கும் வழக்கமான புலம்பல் என்று விட்டுவிட்டோம். 100 வேகத்தில் ஒரு ஜோடி போக, ஒரு ஜோடி வர. கெட்டது 3-6 மட்டும். 1-2 நல்ல ஆரஞ்சு ஜோடி. எந்த ஜோடியில் யார் பேசுவது என்பதை இந்தக் காலத்துச் சாதனங்கள் செருகும்போதே தமக்குள் தீர்மானித்துக்கொள்ளும், ஆட்டோ எம்டிஐஎக்ஸ் என்பார்கள். இரண்டு பக்கமும் அந்த வசதி இருந்தால் முடிவு எப்படி வேண்டுமானாலும் விழும். அவள் தினமும் காலையில் டாங்கிளைச் செருகுகிறாள். அன்றைக்கு 3-6 யார் பங்குக்கு விழுந்ததோ அவர் குரல் கெட்டது.

திருத்தம் சின்ன வேலை. பைப்பைத் தொடாமல், முதலில் இரண்டு பிளக்கை மட்டும் மாற்றச் சொன்னேன், எது எவ்வளவு குற்றவாளி என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அண்ணனே அடித்தார். உறையை மூன்று சென்டிமீட்டர் உரித்து, நடுவில் ஓடும் பிளாஸ்டிக் தடுப்பை வெட்டி, கம்பிகளை நீவி வரிசைப்படுத்தி, ஒரு சென்டிமீட்டர் சொச்சம் விட்டு நறுக்கி, எட்டுச் செம்பு முனையும் பிளக்கின் முகத்தில் தெரியும்வரை தள்ளி, உறையும் உள்ளே கடிபடும்படி அழுத்தினார். முறுக்கு அவிழ்ந்து கிடக்கும் நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றேன். பச்சையைப் பிரித்து நீலத்தை நடுவில் விடும்போது மட்டும் முகத்தைச் சுளித்தார்.

மேலே செருகினோம்: 1000. ஏசியை 18ல் வைத்துக் கம்ப்ரசரை முழு வேகத்தில் ஓடவிட்டு, 1472 பைட்டில் 3000 பிங். ஒன்றும் விழவில்லை. ஸ்பீட் டெஸ்ட் 200. ஒரே பைப்பில், ஏசி ஒயரை ஒட்டிக்கொண்டே.

அந்த வார இறுதியில் லேன் கேபிளை உருவி, வெளிச்சுவரில் ஒரு அடி தள்ளித் தனி பைப்பில் விட்டோம். நெட்டுக்காக அல்ல, அந்த 230 வோல்ட்டுக்காக. ஏசி ஒயரைத் தாண்ட வேண்டிய ஓரிடத்தில் குறுக்காகத் தாண்டும்படி பார்த்துக்கொண்டோம். பெரியப்பா காலண்டர் தாளில் எழுதுவதை இன்னும் நிறுத்தவில்லை. இப்போது நேரத்துக்குப் பதில் வேகத்தைக் குறிக்கிறார்.

காபி குடிக்கும்போது அண்ணன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஃபேஸ் 3ல ரெண்டு வீடு, ரங்காபுரத்துல ஒண்ணு, காந்தி நகர்ல டாக்டர் வீடு. எல்லாம் இதே மாதிரிதான் போட்டுக் கீறேன். அங்கெல்லாம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே?"

அடுத்த ஞாயிறு அவர் வண்டிக்குப் பின்னால் நான், மடியில் லேப்டாப், கையில் ஐம்பது பிளக் போட்ட கவர். ஃபேஸ் 3ல் முதல் வீடு. நெட் நன்றாகத்தான் வருகிறது, ஒரு குறையும் இல்லை என்றார் வீட்டுக்காரர். மாடியில் கேபிளைச் செருகினோம். 100.